சத்தம் எதுவரைக்கும் வந்துச்சு?

கித்தார் பெடலை வீட்டில் செய்வது ஒரு சாயங்கால வேலை. அது ஏன் பேச மறுக்கிறது என்று கண்டுபிடிக்கத்தான் ஒரு வாரம் வேண்டும்.

நான் முதன்முதலில் செய்த பெடல் ஒரு பூஸ்டர். கித்தாரிலிருந்து வரும் ஒலியைக் கூட்டி ஆம்ப்புக்கு அனுப்புவது மட்டும்தான் அதன் வேலை. ஒரு டிரான்சிஸ்டர், நாலு ரெசிஸ்டர், இரண்டு கண்டென்சர், ஒரு வால்யூம் கன்ட்ரோல். எல்லாம் சேர்ந்து ஒரு பெப்பர்மின்ட் டப்பாவுக்குள் அடங்கிவிட்டது. ராத்திரி பதினொரு மணிக்குக் கடைசி ஒயரையும் பற்றவைத்து, பேட்டரியை மாட்டி, சுவிட்சை மிதித்தேன். சத்தம் வந்தது. ஆனால் கம்பளிக்குள் தலையை நுழைத்துக்கொண்டு யாரோ பாடுவதுபோல் வந்தது. மறுபடி மிதித்து பெடலை அணைத்தால் கித்தார் பளிச்சென்று கேட்டது. சத்தத்தைக் கூட்ட வேண்டிய டப்பா, இருந்த உயிரையும் எடுத்துக்கொண்டிருந்தது.

மறுநாள் அதைப் பையில் போட்டுக்கொண்டு எங்கள் தெருமுனை ரேடியோ மெக்கானிக்கிடம் போனேன். அறுபது வயதைத் தாண்டியவர். கித்தார் பெடல் என்ற ஒன்றை அவர் அதுவரை பார்த்ததில்லை. டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என்ன பண்ணும்?"

"கால்ல மிதிச்சா சத்தம் கூடும்ணே."

"கூடுதா?"

"இல்லண்ணே."

"சரி தம்பி, சத்தம் எதுவரைக்கும் வந்துச்சு? அதைச் சொல்லு முதல்ல."

எனக்குப் பதில் தெரியவில்லை. சத்தம் வரும், இல்லையென்றால் வராது, அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். அது ஒரு வாசலில் நுழைந்து, வரிசையாகச் சில ஆட்களைக் கடந்து, இன்னொரு வாசல் வழியே வெளியேறுகிறது, வழியில் யாரோ ஒருவர் அதை நிறுத்துகிறார் என்று நான் யோசித்ததே இல்லை.

அவர் மல்டிமீட்டரின் கறுப்பு முனையை டப்பாவின் தகரத்தில் வைத்துக்கொண்டு, சிவப்பு முனையால் டிரான்சிஸ்டரின் ஒவ்வொரு காலையும் தொட்டார். பேட்டரி 9 வோல்ட். கலெக்டரில் நாலிலிருந்து ஆறு வோல்ட்டுக்குள் ஏதோ ஒன்று இருக்க வேண்டும். மீட்டர் 8.7 காட்டியது. "ஆளு வேலையே செய்யல. சும்மா நிக்கிறான்" என்றார். பிறகு, சர்க்யூட் படத்தில் என்ன நம்பர் போட்டிருக்கிறது என்று கேட்டார். 2என்5088. நான் போட்டிருந்தது பிசி547. அது கிடைக்கவில்லை, இது எந்தக் கடையிலும் கிடைக்கும், இரண்டும் ஒரே வகை என்று எங்கோ படித்திருந்தேன். வகை ஒன்றுதான். கால்களின் வரிசைதான் வேறு. தட்டையான முகம் நம்மைப் பார்க்க நிறுத்தினால், 2என்5088க்கு இடமிருந்து வலமாக எமிட்டர், பேஸ், கலெக்டர். பிசி547க்குக் கலெக்டர், பேஸ், எமிட்டர். அதாவது நான் ஆளைத் திருப்பி நிறுத்தியிருந்தேன். அப்படி மாட்டினாலும் டிரான்சிஸ்டர் செத்துவிடாது, அரைகுறையாக வேலை செய்யும். செத்திருந்தால் எளிதாகக் கண்டுபிடித்திருப்பேன்.

கழற்றித் திருப்பிப் போட்டார். அன்று இரவு மிதித்தபோது பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

கெட்டுப்போன மேசையிலிருந்து கிளம்பிய ஒலி

பெடல் என்ற பொருளே ஒரு பழுதிலிருந்து வந்தது என்று பிற்பாடு தெரிந்தபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் குவான்செட் ஹட் என்று ஒரு ஒலிப்பதிவுக்கூடம். மார்ட்டி ராபின்ஸ் என்ற நாட்டுப்புறப் பாடகரின் 'டோன்ட் வொரி' பாடல் அங்கே பதிவாகிக்கொண்டிருந்தது. கிரேடி மார்ட்டின் ஆறு தந்தி பேஸ் கித்தாரில் ஒரு தனி வாசிப்பு வாசிக்கிறார். அவருடைய ஒயர் போய்ச் சேர்ந்த பதிவு மேசையின் ஒரு பகுதியில் டிரான்ஸ்ஃபார்மர் கெட்டுப்போயிருந்தது. மென்மையான காதல் பாட்டின் நடுவே, ரம்பம் அறுப்பதுபோல் ஒரு கரகரப்பு. அழித்துவிட்டு மறுபடி எடுக்கலாமா என்ற பேச்சு எழுந்து, கடைசியில் அப்படியே விட்டுவிட்டார்கள். 1961ல் பாடல் வெளியாகி அமெரிக்க நாட்டுப்புறப் பாடல் வரிசையில் முதலிடத்துக்குப் போனது.

அதே கரகரப்பு எங்களுக்கும் வேண்டும் என்று மற்றவர்கள் தேடி வந்தபோது மேசையின் அந்தப் பகுதி முழுசாகவே செத்துப்போயிருந்தது. பதிவுப் பொறியாளர் கிளென் ஸ்னாடிக்கு வேறு வழியில்லை. ரெவிஸ் ஹாப்ஸ் என்ற இன்னொரு பொறியாளரோடு உட்கார்ந்து, அந்தப் பழுதை டிரான்சிஸ்டர்களால் வேண்டுமென்றே உண்டாக்கும் ஒரு பெட்டியைச் செய்தார். கிப்சன் கம்பெனி அதை வாங்கி, 1962ல் மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. டிரம்பெட், டியூபா போன்ற ஊதுகருவிகளின் ஒலியைக் கித்தாரில் வரவழைக்கலாம் என்பதுதான் விளம்பரம். எங்கள் வீட்டில் என் ஃபஸ் பெடலை முதல் தடவை கேட்ட அம்மா, "என்னடா, நாயனம் மாதிரி இருக்கு" என்றார். விளம்பரம் எழுதியவரும் அம்மாவும் ஒரே காதுக்காரர்கள்.

ஆனால் கித்தார்காரர்களுக்கு ஊதுகருவி ஆக வேண்டும் என்ற ஆசை இல்லை. பெட்டி கடைகளில் தேங்கியது. 1965ல் ரோலிங் ஸ்டோன்ஸின் கீத் ரிச்சர்ட்ஸ் 'சாட்டிஸ்ஃபாக்‌ஷன்' பாடலுக்கு அதைப் பயன்படுத்தினார். அவரும் அதை ஊதுகருவிகளுக்கான மாதிரியாகத்தான் வாசித்து வைத்தார். பிறகு நிஜ ஊதுகருவிகள் வாசிக்கட்டும் என்பது எண்ணம். பதிவு அப்படியே வெளியாகிவிட்டது. தேங்கிக் கிடந்த பெட்டிகள் விற்றுத் தீர்ந்தன.

இந்தக் கரகரப்பைத் தேடி அதற்கு முன்பே பலர் பொருட்களைக் கெடுத்துப் பார்த்திருக்கிறார்கள். 1951ல் மெம்ஃபிஸில் 'ராக்கெட் 88' என்ற பாடலின் பதிவுக்கு வந்தவர்களின் ஆம்ப் வழியில் அடிபட்டு, உள்ளே காகிதத்தைத் திணித்துச் சமாளித்தார்கள். 1958ல் லிங்க் ரே என்ற கித்தார்காரர் ஸ்பீக்கரில் ஓட்டை போட்டார். 1964ல் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் சவரபிளேடால் ஸ்பீக்கர் காகிதத்தையே கிழித்தார். கிழித்த ஸ்பீக்கரைத் திரும்ப ஒட்ட முடியாது. பெடலில் உள்ள வசதி, காலை எடுத்தால் பழுது போய்விடும் என்பதுதான்.

ஒன்பது வோல்ட் கூரை

கித்தார் தந்திக்குக் கீழே இருக்கும் பிக்கப் என்பது காந்தமும், அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுக்கள் சுற்றிய மயிரிழைக் கம்பியும்தான். தந்தி அதிர்ந்தால் கம்பியில் மின்சாரம் பிறக்கும். அது ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு அளவில் இருக்கும். ஓங்கி அடித்தால் ஒரு வோல்ட் வரை எட்டும். என் பூஸ்டர் அதைச் சுமார் இருபது மடங்கு பெருக்கும். ஃபஸ் பெடல் நூற்றுக்கணக்கான மடங்கு பெருக்கப் பார்க்கும். ஆனால் டப்பாவுக்குள் இருப்பது ஒன்பது வோல்ட் பேட்டரி. இருபது வோல்ட் உயர அலை ஒன்பது வோல்ட் கூரைக்குக் கீழே எப்படி நிற்கும்? மேலேயும் கீழேயும் முட்டித் தலை தட்டையாகும். உருண்டையாக வந்த அலை பெட்டிபோல் சதுரமாகும். மூலச் சுருதியோடு அதன் மடங்குச் சுருதிகள் கூட்டமாகச் சேர்ந்துகொள்ளும். நாம் கேட்கிற கரகரப்பு அதுதான்.

கூரையை இன்னும் தாழ்த்தவும் செய்யலாம். ஒலி போகும் பாதையில் இரண்டு டயோடுகளை எதிரெதிராக மாட்டினால் அவை தங்கள் உயரத்துக்கு மேல் அலையை வளர விடாது. சிலிக்கான் டயோடு என்றால் 0.6 வோல்ட், ஜெர்மானியம் என்றால் அதில் பாதி, சிவப்பு எல்இடி என்றால் 1.7க்குப் பக்கத்தில். இரண்டு எல்இடியை மாட்டிக் கேட்டுவிட்டு, அதே இடத்தில் சாதாரண 1என்4148 மாட்டிக் கேளுங்கள். ஐந்து ரூபாய் பொருளில் ஒரு பெடல் இன்னொரு பெடலாக மாறும். இந்த விளையாட்டு ஒன்றுக்காகவே இந்தப் பித்துக்குள் விழலாம்.

லண்டன் குளிரும் சென்னை மே மாதமும்

கையால் பெடல் செய்கிறவர்கள் எல்லோரும் என்றாவது ஒருநாள் ஃபஸ் ஃபேஸில் வந்து நிற்பார்கள். 1966ல் லண்டனில் ஐவர் ஆர்பிட்டரின் கம்பெனி வெளியிட்ட பெடல் அது. வட்டமான உலோகப் பெட்டி. மைக் ஸ்டாண்டின் அடித்தட்டைப் பார்த்து வந்த வடிவம். ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் காலடியில் இருந்ததால் உலகப் புகழ் பெற்றது. உள்ளே இரண்டு டிரான்சிஸ்டர், நாலு ரெசிஸ்டர், மூன்று கண்டென்சர், இரண்டு கன்ட்ரோல். ஆக மொத்தம் பதினொன்று. உலகத்தில் இத்தனை பேசப்பட்ட பதினொரு சாமான்கள் வேறு இருக்குமா என்று தெரியவில்லை.

முதலில் வந்தவற்றில் ஜெர்மானிய டிரான்சிஸ்டர்கள். இவற்றுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. மூடியிருக்க வேண்டிய நேரத்திலும் கொஞ்சம் மின்சாரம் கசியும். வெப்பம் பத்து டிகிரி ஏறினால் கசிவு ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது, அதனால்தான் ஒரே நாளில் வாங்கிய இரண்டு ஃபஸ் ஃபேஸில் ஒன்று தேனாகவும் ஒன்று தகரமாகவும் பாடியது. பிற்பாடு கம்பெனியே பிசி108 போன்ற சிலிக்கானுக்கு மாறியது.

நான் செய்ததில் ஏசி128 போட்டிருந்தேன். பழைய டிரான்சிஸ்டர் ரேடியோக்களில் ஸ்பீக்கரை இயக்கிய அதே ஏசி128தான். ஜனவரியில் இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டரை, வழக்கமாகச் சொல்வதுபோல், 4.5 வோல்ட்டில் நிறுத்தினேன். அருமையாக இருந்தது. மே மாதம் மொட்டைமாடிக் கொட்டகையில் எடுத்து வாசித்தால் சுருதி தும்முகிறது. ஒலி பாதியில் செத்து விழுகிறது. பெடலில் பழுது ஒன்றும் இல்லை. லண்டன் குளிரில் பிறந்த சர்க்யூட்டுக்கு நம் வெயில் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு ரெசிஸ்டரை எடுத்துவிட்டுத் திருப்புளியால் மாற்றக்கூடிய டிரிம்மர் வைத்த பிறகு சித்திரைக்கு ஒன்று, மார்கழிக்கு ஒன்று என்று திருகி வைத்துக்கொள்கிறேன். ஜெர்மானியத்தில் தெய்வாம்சம் இருப்பதாகச் சொல்கிறவர்கள் சொல்லட்டும். முதல் பெடல் செய்கிறவர் சிலிக்கானோடு நின்றுகொள்வது நல்லது.

திருவிழா மைக்கில் இருக்கும் ஐசி

இதற்கான சாமான்களை அமெரிக்காவிலிருந்து வரவழைக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். பாதி சாமான் நம் பக்கத்திலேயே வேறு வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது.

ஜப்பானில் 1979ல் வந்த ஐபனேஸ் டியூப் ஸ்க்ரீமரை எடுத்துக்கொள்வோம். டெக்சாஸ் ப்ளூஸ் கலைஞர் ஸ்டீவி ரே வான் வாசித்துப் பேர் வாங்கிக்கொடுத்த பச்சைப் பெட்டி. அதன் இதயம் ஜேஆர்சி4558 என்ற எட்டுக் கால் ஐசி. பழைய பெட்டியில் இருந்த அதே ஐசிதான் வேண்டும் என்று வெளிநாட்டில் தேடி அலைகிறார்கள். நம் ஊரில் அசெம்பிள் ஆம்ப்ளிஃபயர் செய்கிற யாரிடமாவது 4558 என்று சொல்லிப் பாருங்கள். பேஸ்-டிரெபிள் போர்டில் போடுகிற ஐசி என்று கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுப்பார். கல்யாண மண்டபத்துப் பாட்டும் டெக்சாஸ் ப்ளூஸும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

எதிரொலிப் பெடலுக்கும் அப்படித்தான். தைவானின் பிரின்ஸ்டன் டெக்னாலஜி கரோக்கி கருவிகளுக்காகச் செய்த பிடி2399 என்ற ஐசிதான் கையால் செய்யும் டிலே பெடல்களில் பெரும்பாலானவற்றுக்கு ஆதாரம். கோயில் திருவிழாவில் "ஹலோ... மைக் டெஸ்ட்டிங்... டிங்... டிங்" என்று தேய்ந்து போகிறதே ஒரு குரல், அந்த எக்கோ போர்டுக்குள்ளும் பெரும்பாலும் இதுதான் இருக்கும். இந்த ஐசிக்கு 5 வோல்ட்தான் ஆகும். ஒன்பதை நேராகக் கொடுத்தால் சேதம். நடுவில் 7805 வகை ரெகுலேட்டர் வேண்டும். எதிரொலியின் இடைவெளியை நீட்ட நீட்ட இரைச்சல் ஏறும். அது பழுதல்ல, அந்த ஐசியின் சுபாவம்.

சென்னை ரிச்சி தெருவில் ஒரு மணி நேரம் நடந்தால் ரெசிஸ்டர், கண்டென்சர், ஐசி, தாமிரக் கோடு போட்ட வெரோ போர்டு எல்லாம் சேர்ந்துவிடும். காலால் மிதிக்கிற ஒன்பது கால் சுவிட்ச் மட்டும் எல்லாக் கடையிலும் இருக்காது. பெரும்பாலும் தபாலில்தான் வரும். பெட்டிக்கு அலுமினிய வார்ப்பு டப்பா உத்தமம். எவர்சில்வர் டிபன் பாக்ஸில் ஓட்டை போட முயன்று இரண்டு டிரில் பிட்டை உடைத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தப் பக்கம் போகாதீர்கள். பிளாஸ்டிக் டப்பா அதைவிட மோசம். அதில் வைத்த என் ஃபஸ் பெடல் ஒருநாள் மாலை, நான் தந்தியைத் தொடாமலேயே, மத்திய அலை வானொலியில் போய்க்கொண்டிருந்த செய்தியை வாசிக்க ஆரம்பித்தது. அதிகம் பெருக்குகிற எந்த டிரான்சிஸ்டரும், மூடி மறைக்காத ஒயர் ஒன்று கையில் கிடைத்தால், ரேடியோவாகிவிடும். உலோகப் பெட்டியில் போட்டு, உள்ளே வரும் ஒயரை ஷீல்டு ஒயராக மாற்றியதும் செய்தி நின்றது.

எதை முதலில் செய்வது என்று கேட்டால், நான் கை சுட்டுக்கொண்ட அந்தப் பூஸ்டரையே சொல்வேன். 1960களின் இறுதியில் நியூயார்க்கில் எலெக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் கம்பெனியைத் தொடங்கிய மைக் மாத்யூஸ், பெல் ஆய்வகத்தில் வேலை பார்த்த பாப் மையரிடம் வேறொரு கருவியைச் செய்துதரக் கேட்டிருந்தார். மையர் அதைச் சோதித்துக் காட்டியபோது, முன்னால் ஒரு சின்னப் பெட்டியைச் செருகியிருந்தார். அது என்ன என்று மாத்யூஸ் கேட்டார். கித்தார் ஒலி போதவில்லை, அதனால் ஒரு டிரான்சிஸ்டர் வைத்துக் கூட்டினேன் என்றார் மையர். அந்தச் சின்னப் பெட்டிதான் எல்பிபி-1 ஆகக் கடைக்கு வந்தது. தவறு செய்வதற்கு இடமே குறைவான சர்க்யூட். அதிலும் நான் ஒரு தவறு கண்டுபிடித்தேன் என்பது வேறு.

மடை திறந்து பார்ப்பது

இனி, வேலை செய்யாத பெடல். அதாவது, கிட்டத்தட்ட எல்லாப் பெடலும்.

முதலில் பெடலை அணைத்த நிலையில் கித்தார் ஒலி ஆம்ப்புக்குப் போகிறதா என்று பார்க்க வேண்டும். போகவில்லை என்றால் போர்டைத் தொடவே வேண்டாம். போர்டு நிரபராதி. குற்றவாளி ஜாக்கிலோ சுவிட்சிலோ அவற்றை இணைக்கும் ஒயரிலோ இருக்கிறார். என் அனுபவத்தில் பாதிக்கு மேல் பழுது இங்கேதான். டிரான்சிஸ்டரைப் பார்த்துப் பயந்து பார்த்துப் பார்த்துப் பற்றவைக்கிறோம். ஜாக்கில் என்ன இருக்கிறது என்று அலட்சியமாகப் பற்றவைக்கிறோம்.

அடுத்து பேட்டரி. இதில் ஒரு சின்னத் தந்திரம் உண்டு. பெடலில் உள்ளே வரும் ஜாக் ஸ்டீரியோ ஜாக்காக இருக்கும். கித்தார் ஒயரின் மோனோ பின்னைச் செருகும்போது அதன் உடல், ஜாக்கின் நடுத் தகட்டையும் கிரவுண்டையும் சேர்த்துத் தொட்டு, பேட்டரியின் மைனஸை இணைக்கும். தனியாக சுவிட்ச் வேண்டாம். ஒயரைச் செருகாமல் மீட்டரை வைத்துவிட்டு வோல்டேஜே இல்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் உண்டு. வாசித்து முடித்து ஒயரைப் பிடுங்காமல் தூங்கப்போய், காலையில் செத்த பேட்டரியோடு சண்டை போடுகிறவர்களும் உண்டு. இரண்டு வரிசையிலும் நான் நின்றிருக்கிறேன். அடாப்டர் என்றால் இன்னொன்று: பெடல் உலகத்தில் நடுமுனை மைனஸ். வீட்டில் கிடக்கும் அடாப்டர்களில் பலவற்றுக்கு நடுமுனை பிளஸ். மாற்றிச் செருகினால் ஐசியும் எலெக்ட்ரோலைட்டிக் கண்டென்சரும் போய்விடும். பிளஸ் வரும் வழியில் ஒரு டயோடு போட்டுவைத்தால் இந்தச் செலவு மிச்சம்.

பிறகு கண். வெயிலில் போர்டைப் பிடித்து, முடிந்தால் பூதக்கண்ணாடியோடு பாருங்கள். டிவி மெக்கானிக்குகள் எதற்கெடுத்தாலும் "டிரை சால்டர்" என்பார்கள். சாக்கு அல்ல, நிஜம். ஈயம் பளபளவென்று வழிந்து ஒட்டாமல், மங்கலாக உருண்டு நின்றால் அது தொட்டுக்கொண்டிருப்பதுபோல் நடிக்கிறது. வெரோ போர்டில் துளைக்குத் துளை 2.54 மில்லிமீட்டர்தான். இரண்டு தாமிரக் கோட்டுக்கு நடுவே ஒரு மயிரிழை ஈயம் பாலம் போட்டால் கண்ணுக்குத் தெரியாது. கத்தி முனையால் கோடுகளுக்கு நடுவே ஒருமுறை கீறிவிடுவது எங்கள் குலவழக்கம். அதில் பாதி பெடல்கள் உயிர்பெற்றுவிடும். அறுக்க வேண்டிய இடத்தில் கோட்டை முழுசாக அறுத்தோமா என்பதையும் பாருங்கள்.

இவ்வளவுக்கும் அசையவில்லை என்றால்தான் மெக்கானிக் அண்ணனின் கேள்விக்கு வர வேண்டும். சத்தம் எதுவரைக்கும் வந்தது?

வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் விவசாயி வயலில் நின்று யோசிப்பதில்லை. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வாய்க்கால் கரையோடு நடக்கிறார். இங்கே மண்வெட்டிக்குப் பதில், இருபது நிமிடத்தில் செய்துகொள்ளக்கூடிய ஒரு கருவி. பழைய கித்தார் ஒயர் ஒன்றின் ஒரு முனையை வெட்டுங்கள். நடுக்கம்பியில் 0.1 மைக்ரோஃபாரட் கண்டென்சர் ஒன்றைப் பற்றவைத்து, அதன் மறு காலை ஊசிபோல் வைத்துக்கொள்ளுங்கள். வெளிக்கம்பியை பெடலின் கிரவுண்டில் கவ்வுங்கள். ஒயரின் மறுமுனை ஆம்ப்புக்கு, ஆம்ப்பின் வால்யூமைக் குறைத்து வைத்து. கண்டென்சர் பேட்டரியின் நேர்மின்சாரத்தைத் தடுத்து, ஒலியை மட்டும் விடும். கித்தாருக்குப் பதில் செல்போனில் ஏதாவது ஒரு பாட்டை ஓடவிட்டு அதை பெடலுக்குள் அனுப்புங்கள். இரண்டு கையும் வேலையாக இருக்கும்போது கித்தாரை யார் மீட்டுவது?

இனி ஊசியால் ஒவ்வொரு இடமாகத் தொட வேண்டும். ஜாக்கில் பாட்டு கேட்கிறது. சுவிட்சில் கேட்கிறது. முதல் கண்டென்சருக்கு இந்தப் பக்கம் கேட்கிறது. அந்தப் பக்கமும் கேட்கிறது. டிரான்சிஸ்டரின் பேஸில் கேட்கிறது. கலெக்டரில் பெரிதாகக் கேட்க வேண்டும், கேட்கவில்லை. ஆக, பழுது இந்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவில். மொத்த போர்டையும் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தவருக்கு இப்போது மூன்று சாமான்கள்தான் மிச்சம். மீட்டரை எடுத்து, சிலிக்கான் டிரான்சிஸ்டர் என்றால் பேஸ், எமிட்டரைவிட 0.6 வோல்ட்போல் உயரத்தில் இருக்கிறதா என்று பார்த்தால் முக்கால்வாசி வழக்கு தீர்ந்துவிடும்.

அண்ணன் இதையே தலைகீழாகச் செய்வார். கடைமடையிலிருந்து மேலே ஏறுவார். கருவிகூட வேண்டாம், ஆம்ப் பக்கத்திலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு இடமாக ஆள்காட்டி விரலை வைப்பார். விரல் பட்ட இடத்தில் "ம்ம்ம்" என்று உறுமினால் அங்கிருந்து வெளியே பாதை சரி. உறுமல் எங்கே நிற்கிறதோ அங்கே திருடன். பேட்டரியில் ஓடுகிற பெடலில் மட்டும்தான் இந்த விரல் வைத்தியம். மெயின்ஸ் ஓடும் எதிலும், குறிப்பாக வால்வு ஆம்ப்புக்குள், விரலைக் கொண்டு போகாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கண்டென்சர்கள் நூற்றுக்கணக்கான வோல்ட்டைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும்.

சத்தம் வராத பெடலைவிட, வேண்டாத சத்தம் போடும் பெடல்தான் தொல்லை. "ம்ம்" என்று உறுமினால் உறுமலின் சுருதியைக் கேளுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அடாப்டர் அதை நேர்மின்சாரமாக மாற்றும்போது சரியாக வடிகட்டாவிட்டால் 100 ஹெர்ட்ஸில் உறுமும். கித்தாரின் ஆறாவது தந்தியில் மூன்றாவது கட்டை அழுத்தினால் வரும் ஜி, 98 ஹெர்ட்ஸ். உறுமல் அதோடு ஒட்டிப் பாடினால் அடாப்டரைச் சந்தேகியுங்கள். பேட்டரி போட்டால் நின்றுவிடும். அதற்கு ஒரு ஸ்தாயி கீழே பாடினால் கிரவுண்டு எங்கோ விட்டுப்போயிருக்கிறது. கீச்சென்று விசிலடித்தால் உள்ளே போகும் ஒயரும் வெளியே வரும் ஒயரும் டப்பாவுக்குள் உரசிக்கொண்டு கிடக்கின்றன, பிரித்துவிடுங்கள்.

கடைசியாக ஒரு வகை உண்டு. மேசை மேல் திறந்து வைத்தால் தேவகானம்; மூடியைத் திருகினால் மௌனம். மூன்று தடவை பிரித்து மூன்று தடவை மூடினேன். ஜாக்கின் கால் ஒன்று மூடித் தகரத்தைத் தொட்டு, ஒலி மொத்தத்தையும் கிரவுண்டில் கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் போதும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு ராத்திரி ஆனது.

பிசினுக்குள் மறைத்த ரகசியம்

க்ளான் சென்டார் என்று ஒரு பெடல். பில் ஃபின்னகன் என்பவர் அமெரிக்காவில் 1994லிருந்து செய்து விற்றார். மொத்தம் சுமார் 8000தான் செய்தார். சர்க்யூட்டை யாரும் பார்த்து எழுதிவிடக்கூடாது என்று போர்டு மேல் கெட்டியான பிசினை ஊற்றியிருந்தார். இன்று பழைய க்ளான் ஒன்று ஆயிரக்கணக்கான டாலர்களுக்குப் போகிறது. ஆர்வக்காரர்கள் பிசினைக் கரைத்துச் சுரண்டி உள்ளே பார்த்தார்கள். இருந்தது புத்திசாலித்தனமான வடிவமைப்பு. சாமான்களோ நமக்குத் தெரிந்த ரெசிஸ்டர், கண்டென்சர், ஐசி, டயோடுதான். இப்போது அதன் நகல் நூறு இடத்தில் கிடைக்கிறது. ஃபின்னகன் மேல் எனக்குக் கோபமில்லை. உழைத்தவர் மறைப்பது நியாயம். ஆனால் பிசின் ஊற்றிய பெடல் கெட்டுப்போனால் யாரிடம் கொண்டுபோவது என்பதுதான் என் கேள்வி. கிரேக் ஆண்டர்டன் 1975லேயே 'எலெக்ட்ரானிக் ப்ராஜெக்ட்ஸ் ஃபார் மியூசிஷியன்ஸ்' என்ற புத்தகத்தில், வாத்தியக்காரர்கள் தாங்களே செய்துகொள்ளட்டும் என்று சர்க்யூட்களைத் திறந்து வைத்துவிட்டார். நான் அவர் கட்சி.

அண்ணனின் கடை இப்போதும் இருக்கிறது. ரேடியோ வருவதில்லை, மிக்சியும் டிவி ரிமோட்டும் வருகின்றன. பெடல்களும் ஒன்றிரண்டு வர ஆரம்பித்திருக்கின்றன, எங்கள் பகுதிப் பையன்கள் புண்ணியத்தில். உங்கள் ஊரிலும் அப்படி ஒரு கடை மிச்சமிருந்தால், ஓடாத பெடலை எடுத்துக்கொண்டு ஒருமுறை போய்வாருங்கள். போகும்முன் புது பேட்டரி போட்டுக்கொண்டு போங்கள். அவர் முதலில் பார்ப்பது அதைத்தான்.